மெர்லிண்டா நடந்து தீர்த்த மைல்கள்

தலெயோன் வீட்டில் முன்கூடத்திலிருந்து சமையலறைக்குப் போக ஒன்பது வருடம் டிரைசைக்கிள் பிடிக்க வேண்டியிருந்தது. ஆளுக்குப் பதினைந்து பேசோ. கையில் அரிசி மூட்டை இருந்தால் மேலே பத்து. மழைக்காலத்தில் கூலி இருபதாக ஏறிவிடும். வீட்டுக்குள் மழை பெய்யாதே என்று யாராவது கேட்டால், ஊர் முழுக்க இருபது வாங்கும்போது இங்கே மட்டும் எப்படிக் குறைப்பது என்று பதில் சொல்வார் பாப்லிதோ. அந்த வழியில் முதன்முதலாக அந்த வண்டியை, பக்கத்தில் இருக்கை கட்டிய மோட்டார் சைக்கிளை, ஓட்டியவர் அவர்தான். வெளியிலிருந்து பார்த்தால் அது திக்பவான் கடற்கரைச் சாலையில் இருக்கும் மற்ற வீடுகளைப் போல ஒரு வீடு: தகரக் கூரை, முன்னால் இரண்டு குரோட்டன்ஸ் செடி, பின்பக்கம் ஒற்றை ஜன்னல், அதை ஒட்டி ஒரு மீன் குளம். நகராட்சியிலிருந்து அளக்க வந்தவர் வெளியே அளந்து முடித்துவிட்டு உள்ளே நாடாவைப் பிடித்துக்கொண்டு போனார். மதியச் சாப்பாட்டு வேளையில் அவர் வழியில் ஒரு கடையில் உட்கார்ந்து நூடுல்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்ததைப் பலர் பார்த்தார்கள். வரி வெளி அளவுக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டு அவர் திரும்பிப் போனார்.

வீடு நீண்டதற்குக் காரணம் மெர்லிண்டா தலெயோன் பறந்த மைல்கள். அவள் நர்ஸ். சிங்கப்பூரில் ஒரு கம்பெனிக்காக நோயாளிகளோடு விமானத்தில் போகிறவள். எங்கள் பக்கத்துக் கடற்கரைகளில் வயதான வெள்ளைக்காரர்கள் வந்து தங்குவார்கள். அவர்களுக்கு இடுப்பு உடையும், இதயம் மக்கர் செய்யும். அவர்கள் ஊரில் இருக்கும் பிள்ளைகள் அப்பாவை அனுப்பி வையுங்கள் என்பார்கள். விமானத்தில் ஆறு இருக்கைகளை மடக்கி அதன்மேல் ஸ்ட்ரெச்சரைப் போட்டு, திரை தொங்கவிட்டு, பக்கத்தில் மெர்லிண்டாவை உட்கார வைப்பார்கள். சொட்டுமருந்தைப் பார்த்துக்கொண்டு, உதட்டை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டு அவள் உலகத்தின் பாதியைக் கடப்பாள். நோயாளியை ஒப்படைத்த பிறகு வெறும் கையோடு தனியாகத் திரும்பி வருவாள். போன தூரத்துக்கும் வந்த தூரத்துக்கும் விமான கம்பெனி அவள் பெயரில் மைல்கள் வரவு வைத்தது. மைல்கள் போதுமான அளவு சேர்ந்தால் இலவச டிக்கெட். குடும்பத்தில் எல்லோருடைய மைல்களையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கலாம் என்று ஒரு திட்டமும் வந்தது. அப்படிச் சேர்த்தால் குடும்பத் தலைவர் என்று ஒருவரைக் குறிப்பிட வேண்டும். டிக்கெட் யாருக்கு, எப்போது என்று சொல்லும் உரிமை அவர் ஒருவருக்குத்தான்.

படிவத்தை வீட்டு மேசையில் வைத்து, தலைவர் என்ற இடத்தில் மெர்லிண்டா ரோகெலியோ என்று எழுதினாள். ரோகெலியோ அவளுடைய மனோங், அதாவது அண்ணன். அப்பா இறந்த நாளிலிருந்து தலெயோன் வீட்டில் மீனின் தலைத்துண்டு அவர் தட்டுக்குத்தான் போகும். அவர் வாழ்நாளில் விமானம் ஏறியதில்லை. எதிரே தெரியும் குயிமாராஸ் தீவுக்குப் படகில் கால் மணி நேரம் போனாலே வாந்தி எடுப்பார். அந்தக் குடும்பத்தில் பறக்கிறவள் ஒருத்திதான் என்றும், அவள் பெயரையே தலைவராக எழுதலாம் என்றும் அன்றைக்கு அந்த மேசையைச் சுற்றி நின்ற யாருக்கும் தோன்றவில்லை. மெர்லிண்டாவுக்கும் தோன்றவில்லை. பின்னாளில் அவளை அதிகம் உறுத்தியது அதுதான். யாராவது அவள் கையைப் பிடித்து எழுத வைத்திருந்தால் கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருப்பார். அவள் கை தானாகவே, ஒரு நொடிகூட நிற்காமல், அழகான எழுத்தில் எழுதியது.

முதல் பயணம் ஃபிராங்க்ஃபர்ட். அவள் திரும்பிய வாரத்தில் ரோகெலியோவின் மனைவி டெல்மா, மின்விசிறியின் வயர் சுவரில் இருக்கும் பிளக்கை எட்டவில்லை என்றாள். வயர் சுருங்கிவிட்டதாக நினைத்து வேறு வயர் வாங்கினார்கள். அதுவும் எட்டவில்லை. இரண்டாவது பயணத்துக்குப் பிறகு சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் காபி ஆறியது. தேவாலயத்துச் சாமியார் வந்து தண்ணீர் தெளித்துக்கொண்டே போனார். பாதி வழியில் தண்ணீர் தீர்ந்துபோக, மீதி வீட்டை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பினார். ஐரோப்பா போய் வந்தால் வீட்டுக்குள் தேவாலயத்திலிருந்து சந்தை வரை உள்ள தூரம் கூடும், ஜப்பான் போய் வந்தால் அதில் பாதி என்பது மெல்ல மெல்ல எல்லோருக்கும் பழகிப்போனது. நீளம் கூடியது கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலும், சமையலறைக்கும் பின்னறைக்கும் நடுவிலும்தான். பின்னறை மெர்லிண்டாவுடையது. அதில் அவள் மகள் ஷைரா இருந்தாள். ஷைராவின் அப்பா கப்பலில் வேலைக்குப் போய் வேறொரு துறைமுகத்தில் வேறொரு குடும்பத்தோடு இருந்தார். இந்தக் கதையில் அவருக்கு வேறு வேலை இல்லை.

ரோகெலியோ முதலில் பயந்தார், பிறகு பழகிக்கொண்டார், பிறகு வாடகைக்கு விட்டார். ஒரு பெட்டிக்கடை வந்தது. அதற்கு அடுத்து செல்போன் ரீசார்ஜ், முடிவெட்டும் கடை, பன்றிக்கறி வாட்டுகிறவர், மைக்கில் பாட்டுப் பாடும் இடம். வீடு இல்லாத ஒன்றுவிட்ட உறவுகள் ஓரமாகத் திரை கட்டிக் குடியேறினார்கள். நடைவழி கொஞ்சம் அகலமாக இருந்த ஓரிடத்தில் ஒருவர் கூடைப்பந்து வளையம் மாட்டினார். அந்த நடைவழிக்காரர்கள் போட்ட ஓட்டுகளால் ரோகெலியோ எங்கள் வட்டாரத்துக்குக் கப்பித்தான் ஆனார், ஊர்த்தலைவர். ஒரே ஒரு முறைதான் அவர் மைல்களைச் செலவழித்தார். டெல்மாவின் தங்கைக்குக் கல்யாணமாகி, புது ஜோடி ஹாங்காங் போக இரண்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். அவர்கள் விமானம் ஏறிய நேரத்தில் முடிவெட்டுகிறவர் தன் நாற்காலியோடும் கண்ணாடியோடும், பாதி சவரம் செய்த வாடிக்கையாளரோடும் டெல்மாவின் அடுப்பு முன்னால் வந்து நின்றார். மைல் செலவானால் வீடு சுருங்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதோடு ரோகெலியோ டிக்கெட் என்ற பேச்சை நிறுத்தினார்.

மெர்லிண்டா வருடத்துக்கு ஒருமுறை இரண்டு வாரம் விடுப்பில் வருவாள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் எதிரே வரும் ஒவ்வொருவருக்கும் ஏதாவது கொண்டு வந்திருக்க வேண்டும். சாக்லேட், லோஷன், டின்னில் அடைத்த இறைச்சி, விமான நிலையத்தில் வாங்கிய சாவிக்கொத்தாவது இருக்க வேண்டும். கொடுத்துவிட்டு அப்படியே போகவும் முடியாது. உட்கார வேண்டும், சாப்பிட வேண்டும், குழந்தையின் மார்க்கைக் கேட்க வேண்டும். பாப்லிதோ வண்டிக்கு வண்ணக் காகிதம் ஒட்டி, அவளையும் இரண்டு பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஊர்வலம்போல உள்ளே புறப்படுவார். ஒவ்வொரு கடையிலும் இறங்கி நின்று, சிரித்து, கொடுத்து, தின்று, மறுபடி ஏற வேண்டும். வீடு குட்டையாக இருந்தபோது இது ஒரு சாயங்காலத்தோடு முடிந்தது. பிறகு ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. பிறகு விடுப்பில் பாதி போனது. குழந்தையாக இருந்தபோது ஷைராவை யாராவது கூடத்துக்குத் தூக்கி வருவார்கள். அப்படி ஒரு நாள், மெர்லிண்டா திரும்பிப் போக விமான நிலையத்துக்குக் கிளம்பும் நேரத்தில், அந்தப் பிள்ளை அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றது. மெர்லிண்டா குனிந்து, “முதல் ஓசி டிக்கெட் உனக்குத்தான். நீ ஜன்னல் ஓரம், நான் பக்கத்து சீட்டு. சரியா?” என்றாள். பிள்ளை சட்டையை விட்டது. இனி யாரும் அந்தச் சட்டையைப் பிடிக்க மாட்டார்கள் என்று அப்போது மெர்லிண்டாவுக்குத் தெரியாது.

பன்னிரண்டு வயதில் ஷைராவுக்கு சைக்கிள் கிடைத்தது. பின்னறையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போய் வந்தாள். அந்த வருடம் மெர்லிண்டா பெட்டிக்கடை வாசலில் உட்கார்ந்து யாரோ ஒரு அத்தையின் மூட்டு வலியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது மகள் சீருடையில் எதிரே வந்தாள். மெர்லிண்டா எழுந்து கையை நீட்டினாள். ஷைரா சைக்கிள் மணியை இரண்டு தரம் அடித்தாள், வழியில் நிற்கும் யாரோ ஒரு பெண்ணை ஒதுங்கச் சொல்வதுபோல, அப்படியே கடந்து போய்விட்டாள். மெர்லிண்டா நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கடைக்காரி கொடுத்த தட்டை வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை வெளியே வந்து வீட்டைச் சுற்றிப் போய், மீன் குளத்தின் வரப்பில் நின்று, பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அறை தெரிந்தது. ஆனால் விமானத்திலிருந்து ஊர் தெரிகிற மாதிரி தெரிந்தது, தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டில், எறும்பு அளவுக்கு ஒரு பெண். கூப்பிட்டால் கேட்காது என்று தெரிந்தும் கூப்பிட்டாள்.

ஷைராவுக்குப் பதினைந்து ஆன வருடம் மெர்லிண்டா பின்னறைக் கதவை எட்டியபோது விடுப்பில் ஒரு சாயங்காலம்தான் மீதி இருந்தது. இரண்டு பெட்டியும் காலி. ஷைரா கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டியா,” என்றாள், தலையைத் தூக்காமல். “நீ வந்திருக்கன்னு கேள்விப்பட்டு மைக் கடைக்காரிகிட்டப் போய் உன்னைப் பத்திக் கேட்டேன். நல்லா இருக்காங்க, லோஷன் குடுத்தாங்கன்னா.”

“ஷைரா, வழியில எல்லாரும்...”

“எல்லாருக்கும் குடுத்தாச்சா? பன்னிக்கறிக்காரர் நாய்க்குக்கூட ஒரு பெல்ட் வந்துச்சாமே. எனக்கு என்ன, பெட்டியா?”

மெர்லிண்டா பெட்டியைக் கீழே வைத்தாள். ஷைரா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். “சின்னப் பிள்ளைல என்னைத் தூக்கிட்டு வந்து உன் முன்னாடி நிறுத்துவாங்க. விருந்தாளியப் பாக்கிற மாதிரி பாத்துட்டுப் போவேன். இனிமே நான் வர மாட்டேன். இவ்ளோ தூரத்தைப் போட்டது நீதானே. நீ வா. வண்டில இல்ல. நடந்து வா.”

பெட்டி காலியானதால் மெர்லிண்டா எங்கும் இறங்காமல் அன்றே வண்டியில் திரும்பினாள். பாப்லிதோ பேசிக்கொண்டே வந்தார். பெட்ரோல் விலை, சேவல் சண்டையில் தோற்றது, மச்சானின் கல்யாணம். அக்கா என்ற பொருளில் அவளை மனாங் என்று கூப்பிடுகிறவர், நடுவில் ஒரு குறையும் சொன்னார். “உங்க லீவு முடிஞ்சா என் ரூட்டு கொஞ்சம் குறையுது மனாங். நீங்க இறங்கி நடக்கிற எடத்துல எல்லாம் ரெண்டு பலகை காணாமப் போயிடுது. கப்பித்தான்கிட்டச் சொன்னா, குடிச்சிருக்கியாங்கறார்.” மெர்லிண்டா வண்டியிலிருந்து தன் செருப்பைக் குனிந்து பார்த்தாள்.

கூடத்தில் ரோகெலியோ மேசை போட்டு உட்கார்ந்து யாருக்கோ முத்திரை குத்திக்கொண்டிருந்தார். அவள் இரண்டு டிக்கெட் கேட்டாள், தனக்கும் மகளுக்கும். எந்த ஊருக்கு என்று அவர் கேட்டார். எந்த ஊரானாலும் பரவாயில்லை என்றாள்.

“எந்த ஊருன்னே தெரியாம டிக்கெட்டா?” என்று சிரித்தார். தங்கையை இண்டாய் என்றுதான் எப்போதும் கூப்பிடுவார். “ரெண்டு டிக்கெட்டுன்னா கூடைப்பந்து வளையம் வரைக்கும் போயிடும், இண்டாய். எத்தனை பேரு பொழைக்கிறாங்க பாரு.”

“மைல் என்னுது, மனோங்.”

“குடும்பத்துது. தலைவர் நானு. உன் கையாலதானே எழுதின?” அதைச் சொல்லும்போது அவர் குரலில் கெடுதல் எதுவும் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். அப்பா போன பிறகு எருமையை விற்று இவளை நர்ஸுக்குப் படிக்க வைத்தவர் அவர். பணம் கட்டும் நாளில் தன் ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றவர். மெர்லிண்டாவுக்கு அது மறக்கவில்லை. மறக்காமல் இருப்பதே ஒரு வேலையாக, வேறு எதையும் கேட்க இடம் இல்லாத அளவுக்கு அது தன்னை நிறைத்திருக்கிறது என்பதை அவள் அன்றைக்குக் கவனித்தாள். நன்றி தீர்ந்துபோகவில்லை. ஆனால் நன்றியின் பக்கத்திலேயே இன்னொன்று எழுந்து நின்றது. அதற்கு என்ன பெயர் என்று விமானத்தில் ஏறிய பிறகும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருடத்துக் கடைசிப் பயணத்தில் கோபன்ஹேகன் போகிற ஒரு கிழவி மெர்லிண்டாவைத் தன் மகள் என்று நினைத்துக்கொண்டாள். இரவு முழுக்க அவள் கையை விடவில்லை. இறங்கிய இடத்தில் உண்மையான மகள் வந்து நின்றபோது கிழவி அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். மகள் அழவில்லை. குனிந்து தன் கையை அம்மாவின் கைக்குள் வைத்து, அது பழகும்வரை அப்படியே நின்றாள். மெர்லிண்டா திரும்பி வரும் விமானத்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. வழக்கமாக அதில் பையை வைப்பாள். அன்றைக்கு வைக்கவில்லை.

மறு வருடம், ஊர்த் திருவிழாவுக்கு முந்தைய வாரம், அவள் வந்து இறங்கினாள். தோளில் ஒரு பை, காலில் கான்வாஸ் ஷூ. பெட்டி இல்லை. பாப்லிதோ வண்டியோடு தயாராக நின்றார்.

“பெட்டி பின்னால வருதா மனாங்?”

“பெட்டி இல்ல.”

“காணாமப் போச்சா? ஏர்போர்ட்ல சொல்லி வெச்சீங்களா?”

“நான் கொண்டு வரல, பாப்லிதோ. வண்டியும் வேணாம். நடக்கிறேன்.”

அவர் சிரித்தார், பிறகு அவள் ஷூவைப் பார்த்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். “என் ரூட்டு,” என்று மட்டும் சொன்னார். வெளியே எவ்வளவு ரோடு இருக்கிறது என்று மெர்லிண்டா சொன்னாள். அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார், பல வருடமாக அந்தப் பக்கம் பார்க்காதவர்போல.

மெர்லிண்டா நடந்தாள். முதல் அடி வைத்த பலகை, அவள் காலை எடுத்ததும் போனது. சத்தம் வரவில்லை, முன்கூடம் அவள் முதுகுக்குப் பின்னால் ஓர் அடி நகர்ந்து வந்தது, அவ்வளவுதான். யார் நடந்தாலும் போகாத பலகை, பறந்தவள் தன் காலால் கடந்தால் போகும் என்பது நடந்தவர்களுக்கும் ஓட்டியவர்களுக்கும் அன்று ஒரே நேரத்தில் விளங்கியது. பெட்டிக்கடைக்காரி கரண்டியோடு வெளியே வந்தாள்.

“என்னடி, கையை வீசிட்டு வர்ற? என் லோஷன் எங்க?”

“உன் கடையிலயே தொங்குதே, அக்கா.”

“வெளிநாட்டுதும் இதும் ஒண்ணா? சரி, உக்காரு. ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போ.”

“வேண்டாம்.”

எங்கள் ஊரில் அந்த வார்த்தையை அப்படி வெறுமையாக யாரும் சொல்வதில்லை. வயிறு சரியில்லை என்போம், இப்போதுதான் சாப்பிட்டேன் என்போம், பொட்டலம் கட்டிக் கொடுங்கள் என்போம். கடைக்காரி கரண்டியிலிருந்து குழம்பு சொட்டுவதை மறந்து நின்றாள். மெர்லிண்டாவுக்கும் அந்த வார்த்தை வாயில் புதிதாக இருந்தது. அடுத்த கடையில் இன்னும் சுலபமாக வந்தது. மைக் கடையை எட்டியபோது அவளுக்கு அதில் ஒரு ருசிகூட வந்துவிட்டது. அவள் கடந்துபோன கடைகள் ஒவ்வொன்றாக, பாத்திரத்தோடும் பலகையோடும், முன்வாசலை நோக்கி நகர்ந்து நெருக்கின. சிலர் திட்டினார்கள். சிலர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு தெருவில் நல்ல இடம் பிடிக்க ஓடினார்கள்.

நடக்க நடக்கத்தான் எந்தத் தூரம் எதுவென்று அவளுக்குத் தெரிந்தது. ஓரிடத்தில் ஃபிராங்க்ஃபர்ட் கிழவரின் புதினா மிட்டாய் வாசனை வந்தது. இன்னோரிடத்தில் தரை சில்லிட்டது. பெயர் தெரியாத கடலின் மேல் ஓர் இளைஞன் மூச்சை நிறுத்திய இடம் அது. இறங்கும்வரை அவன் தூங்குவதாகவே எல்லோரிடமும் அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். போன தூரங்களைவிடத் திரும்பிய தூரங்கள் கனமாக இருந்தன. யாரும் பிடிக்காத கையோடு உட்கார்ந்து வந்த தூரங்கள். இத்தனை வருடம் இதையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தான் லேசாக இருப்பதாக நினைத்திருந்தாள். வீட்டில் அதன்மேல் கடை போட்டிருந்தார்கள். அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் அவள் நடையைக் கெடுக்கவில்லை, சீராக்கியது.

ரோகெலியோ டிரைசைக்கிளில் துரத்திக்கொண்டு வந்தார். பழைய தூரத்தை எதிர்பார்த்து ஓட்டியதால் வண்டி அவளை இடிக்கப் பார்த்தது.

“நில்லு. என் கையெழுத்து இல்லாம ஒரு மைல்கூடச் செலவாகக் கூடாது. அதான் சட்டம்.”

“டிக்கெட்டுக்குத்தான் கையெழுத்து, மனோங். நடக்கிறதுக்குன்னு எங்கயும் போடல.”

“இத்தனை குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்தறியே, உனக்கு மனசாட்சி இல்லையா?”

“தெருவுல வெயில் இருக்கு, வாடிக்கை இருக்கு, வாடகை இல்ல. அவங்களையே கேளுங்க.”

அவர் வண்டியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் நடந்தார். அவர் காலுக்கு எதுவும் மறையவில்லை. குரலைத் தாழ்த்தினார். “எருமைய வித்தேனே, இண்டாய். எனக்காகவா வித்தேன்?”

“எனக்காகத்தான். அதுக்குத்தான் இத்தனை வருஷம் பறந்தேன். அத்தனையும் உங்க பேர்ல போட்டேன்.” அவள் நிற்கவில்லை. “பறந்தது உங்களுக்கு. நடக்கிறது எனக்கு.”

ரோகெலியோ அங்கேயே நின்றுவிட்டார். அவர் நின்ற இடம் மெல்ல நகர்ந்து கூடத்தோடு சேர்ந்தது.

சமையலறையை அடைந்தபோது டெல்மா ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாள். மெர்லிண்டா அதை மட்டும் வாங்கிக் குடித்தாள். வாசலுக்கு வெளியே, பல வருடமாகக் காணாத கூடமும் அதில் கிடந்த சோபாவும் பக்கத்திலேயே தெரிந்தன. டெல்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இங்கேர்ந்து சாப்பிட வாங்கன்னு கத்தினா ஒருத்தர் காதுலயும் விழாது. சோறு ஆறிப்போறதுக்கே நான் ஆக்குவேன்,” என்றாள். பிறகு சும்மா சோதித்துப் பார்ப்பதுபோல, “ஏங்க,” என்று சாதாரணக் குரலில் கூப்பிட்டாள். “என்ன?” என்றார் ரோகெலியோ, உடனே.

சமையலறைக்கு அப்பால் கடைகள் இல்லை. வெறும் பலகையும், ஒரு சைக்கிள் சக்கரம் வருடக்கணக்காகத் தேய்த்த கோடும்தான். மெர்லிண்டா அந்தக் கோட்டின் மேலேயே நடந்தாள். பின்னறைக் கதவு திறந்திருந்தது. முதலில் புள்ளியாகத் தெரிந்த வெளிச்சம் சதுரமாகி, அதில் ஒரு பெண் வந்து நின்றாள். ஓடி வரவில்லை. அம்மா நடப்பதை, ஓர் அடிகூடத் தவறவிடாமல், பார்த்துக்கொண்டே நின்றாள். தூரம் அரை மைல் அளவுக்குக் குறைந்தபோது ஷைரா உள்ளே போய் சைக்கிளை எடுத்துக்கொண்டு மிதித்து வந்தாள். மெர்லிண்டாவின் முன்னால் வந்து, பிரேக் பிடித்து, காலை ஊன்றினாள். மணி அடிக்கவில்லை.

“போதும். நில்லு.”

“இன்னும் இருக்கே. நடந்து வான்னு நீதானே சொன்ன?”

“சொன்னேன். பாத்துட்டேன். இதை நடக்காத, இது இருக்கட்டும்.” ஷைரா அவள் தோளுக்கு மேலே, சமையலறைப் பக்கம் பார்த்தாள். அங்கே அவளுடைய தியோ, மாமா ரோகெலியோ, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “தியோவுக்கும் நமக்கும் நடுவுல கொஞ்சம் வேணும். பின்னால ஏறு.”

“வண்டி தாங்குமா?”

“பெட்டி இல்லாமதானே வந்திருக்க.”

மெர்லிண்டா கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்தாள். வண்டி முதலில் ஆடியது. பிடிக்க எதுவும் இல்லாமல் மகளின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துப் பக்கத்து இருக்கை இல்லை, ஜன்னலும் இல்லை. கண் முன்னால் தெரிந்தது வியர்த்த ஒரு முதுகும், அதில் ஒட்டிய முடியும்தான். அந்த முதுகு எப்போது இவ்வளவு அகலமானது என்று பார்த்துக்கொண்டே போனாள். காலைத் தரையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டதால் ஒரு பலகையும் குறையவில்லை.

அதன் பிறகு மெர்லிண்டா குடும்பத் திட்டத்திலிருந்து விலகி, புதிதாக ஒன்று தொடங்கினாள். அதில் இரண்டே பெயர். தலைவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது, திருத்தவில்லை. புது மைல்கள் அந்த வீட்டுக்கு வருவதில்லை, சேர்ந்தவுடன் செலவாகிவிடுகின்றன. முதல் பயணத்தில் ஷைரா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, விமானம் கிளம்புமுன்பே தூங்கி, இறங்கும்போதுதான் விழித்தாள். நடைவழிக் கடைகள் இப்போது கடற்கரைச் சாலையில் வரிசையாக இருக்கின்றன. கூடைப்பந்து வளையம் தேவாலயத்துக்கு எதிரே. ரோகெலியோ அடுத்த தேர்தலில் தோற்றார். பாப்லிதோ சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓட்டுகிறார். மழையில் இருபது வாங்குவதற்கு இப்போது யாரும் காரணம் கேட்பதில்லை.

சமையலறைக்கும் பின்னறைக்கும் நடுவில் மட்டும் அந்த அரை மைல் இன்னும் இருக்கிறது. அவ்வளவு தூரத்துக்கு வண்டி எடுத்தால் பெட்ரோலுக்குக் கட்டாது என்று எந்த டிரைசைக்கிளும் வருவதில்லை. மெர்லிண்டா விடுப்பில் இருக்கும்போது ரோகெலியோ வெயில் தாழ்ந்த பிறகு கிளம்பி, அவளைப் பார்க்கப் பின்னறைக்கு நடந்து போவார். ஒருமுறை வெறுங்கையோடு போய்க் கதவைத் தட்டினார். கதவு கொஞ்சம் திறந்தது, அவர் கையைப் பார்த்தது, மூடிக்கொண்டது. அவர் அரை மைல் திரும்பி வந்து, டெல்மாவிடம் கேட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு மறுபடி நடந்தார். ஊரில் யாரும் அதைத் தவறாகப் பேசவில்லை. அவ்வளவு தொலைவிலிருந்து வருகிறவர் ஏதாவது கொண்டுதானே வர வேண்டும்.